விளையாட்டும் முழங்காலும்

பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை

 

பரிசளிப்பு விழாவிலே பேச வருகிறவர்கள் கல்வியின் உயர்வைப் பற்றிப் பேசுவார்கள்; தாய்மொழியின் உயர்வைப் பற்றிப் பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு உயரத்தில் இல்லை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கிறது. அதுதான் முழங்கால். வீட்டிலே நாம் ‘முட்டி’ என்று சொல்கிறோமே, அதே முட்டிதான்.

சிரிக்காதீர்கள். இந்த மேசை மேல் வரிசையாக நிற்கிற கோப்பைகளைப் பாருங்கள். காற்பந்துக்கு ஒன்று, வலைப்பந்துக்கு ஒன்று, ஓட்டப் பந்தயத்துக்கு ஒன்று. இத்தனையையும் ஓடி வாங்கிக் கொடுத்தவை இந்தப் பிள்ளைகளின் முழங்கால்கள். நாளைக்கு இதே முழங்கால்களைக் கொண்டுதான் இவர்கள் மாடிப்படி ஏற வேண்டும், மோட்டார் சைக்கிள் மிதிக்க வேண்டும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கோப்பை அலமாரியிலே இருக்கும். முழங்கால் அறுபது எழுபது வருடம் கூடவே வரும்.

என் தொழில் பிசியோதெரபி. காயம் பட்ட கால் கைகளுக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி நடக்க வைப்பது. என்னிடம் வருகிற இளைஞர்களைக் கேட்பேன், “எப்போ தம்பி அடிபட்டது?” என்று. “போன வருஷம் சார்” என்பார்கள். “அப்போ ஏன் வரலே?” என்றால், “சுளுக்குன்னு நெனச்சோம் சார்” என்பார்கள். இந்தச் ‘சுளுக்கு’ என்ற ஒரு சொல்லால் எத்தனையோ கால்கள் கெட்டுப்போகின்றன. அதைப் பற்றித்தான் உங்களிடம் நாலு வார்த்தை பேச வந்திருக்கிறேன்.

முதலில் முழங்கால் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். மேலே தொடை எலும்பு. கீழே கால் எலும்பு. முன்னாலே மூடி மாதிரி ஒரு சில்லு. இடுப்பிலே எலும்பு ஒரு குழிக்குள்ளே உருண்டையாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. முழங்காலிலே அப்படிப்பட்ட குழி கிடையாது. உருண்டையான தொடை எலும்பின் முனை, தட்டையான கால் எலும்பின் மேலே நிற்கிறது. அம்மிக் கல்லின் மேல் குழவி நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வழுக்கி விழாமல் எது பிடித்துக்கொண்டிருக்கிறது? நான்கு நார்கள். டாக்டர்கள் ‘லிகமெண்ட்’ என்கிறார்கள். நம்மவர்கள் ‘ஜவ்வு’ என்கிறார்கள்.

இரண்டு நார்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. உள் பக்கம் ஒன்று, வெளிப் பக்கம் ஒன்று. மற்ற இரண்டும் மூட்டுக்குள்ளேயே, பெருக்கல் குறி மாதிரி ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. அவற்றில் முன்னால் உள்ளதை முன் குறுக்கு நார் என்று சொல்லலாம். பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தில் ‘ஏ.சி.எல். காயம்’ என்று படிக்கிறோமே, அது இதுதான். சுண்டுவிரல் பருமன், ஒன்றேகால் அங்குலம் அளவுதான் நீளம். கீழ்க்கால் முன்னால் நழுவிப் போகாமலும், திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இந்தச் சின்ன நார்தான். எலும்புகளுக்கு இடையே பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகளும் உண்டு. அவற்றை மெனிஸ்கஸ் என்பார்கள். இந்த மெத்தைகளை மறந்துவிடாதீர்கள். பிறகு அவற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த நார்கள் எந்த விளையாட்டில் எப்படி அறுகின்றன?

காற்பந்து என்றதும் நமக்கு ஞாபகம் வருவது எதிராளி வந்து இடிப்பது. வெளிப் பக்கத்திலிருந்து ஒருவன் முட்டியிலே மோதினால் கால் உள்ளே மடங்கி, உள் பக்க நார் கிழியும். அது உண்மைதான். ஆனால் முன் குறுக்கு நார் அப்படியல்ல. அது அறுகிற சம்பவங்களில் ஏறக்குறைய பத்தில் ஏழில் யாரும் அந்த முட்டியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்! ஓடி வருகிற பையன் சட்டென்று நிற்கிறான். அல்லது பாதத்தைத் தரையில் ஊன்றியபடியே உடம்பை மட்டும் வேறு பக்கம் திருப்புகிறான். பாதம் புல்லிலே மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பிவிட்டது. நடுவிலே அகப்பட்ட முட்டி என்ன செய்யும்? நார் அறுந்துவிடுகிறது.

நம் பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தை எடுத்துக்கொள்வோம். அந்த விளையாட்டில் பந்தைப் பிடித்த பிறகு ஓடக் கூடாது. பறந்து பிடித்த வேகத்திலேயே காலை ஊன்றி நின்றுவிட வேண்டும். விதி அப்படி. அந்த வேகம் முழுவதையும் முட்டிதான் வாங்கிக்கொள்கிறது. கால் விறைப்பாக நீண்டிருக்க, முட்டி உள் பக்கம் சாய்ந்தபடி தரை இறங்கினால் ஆபத்து. கூடைப்பந்திலும் எறிபந்திலும் இதே கதைதான்.

பூப்பந்து நம் நாட்டின் செல்ல விளையாட்டு. அதில் ஒருவரையொருவர் தொடுவதே இல்லை; இடையிலே வலை இருக்கிறது. அப்படியிருந்தும் முட்டி தப்பவில்லை. ஸ்பெயின் நாட்டுக் கரோலினா மாரின், 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்துவை வென்று தங்கம் வாங்கியவர். 2019 சனவரியில் ஜக்கார்த்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவருடைய வலது முட்டி நார் அறுந்தது. அவர் இடது கை ஆட்டக்காரர் என்பதைக் கவனியுங்கள். மட்டையைப் பிடித்த கைக்கு எதிர்ப் பக்கத்துக் கால் அது. பின்னால் நகர்ந்து, தலைக்கு மேல் வந்த பந்தை எட்டி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவார்கள் அல்லவா? பூப்பந்தில் முட்டி நார் அறுவது பெரும்பாலும் அந்த மாதிரிச் சமயத்தில்தான்.

செப்பாக் தக்ராவில் ஆகாயத்தில் சுழன்று அடித்துவிட்டு ஒரே காலில் இறங்கும் பிள்ளைக்கும் அதே ஆபத்து. சடுகுடுவில் வேறு விதம். பாடி வந்தவனின் கணுக்காலை ஒருவன் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். இவன் கோட்டைத் தொட உடம்பை முறுக்கித் துள்ளுவான். கால் அங்கே, உடம்பு இங்கே. நேர்கோட்டில் ஓடுகிற நூறு மீட்டர் ஓட்டக்காரனுக்கு இந்த நார் அறுவது அபூர்வம். அவனுக்குத் தொடைத் தசைதான் பிடித்துக்கொள்ளும். ஆக, முட்டிக்குக் கேடு வேகத்தால் மட்டும் வருவதில்லை. நிற்பதிலும், திரும்புவதிலும், குதித்து இறங்குவதிலும்தான் வருகிறது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின் குறுக்கு நார் என்று மற்றொன்று இருக்கிறதே, அது மடங்கிய முட்டியின் கீழே, முன் பக்கமாக அடிபட்டால் அறும். பந்துக்குப் பாய்ந்து முட்டி போட்டு விழும் கோல்காவலருக்கு அது வரும். மோட்டார் சைக்கிளில் போய் மோதுகிறவருக்கும் வரும். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்குப் போகிற வழியிலே விழுந்து, “ஒண்ணுமில்லே, சிராய்ப்புதான்” என்று எழுந்து வேலைக்குப் போய்விடாதீர்கள். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. உடனே டாக்டரைப் பார்த்து எழுத்திலே பதிந்துகொள்ளுங்கள். பிற்பாடு முட்டி தொல்லை கொடுக்கும்போது அந்தத் துண்டுக் காகிதம் உதவும்.

தாய்மார்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று. காற்பந்து, கூடைப்பந்து போன்ற ஒரே விளையாட்டை ஆணும் பெண்ணும் ஆடினால், முன் குறுக்கு நார்க் காயம் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். இடுப்பும் தொடையும் அமைந்த விதம், குதித்து இறங்கும் முறை, பருவ வயதில் உடம்பில் ஏற்படும் மாற்றம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சியும் நல்ல திடலும் குறைவாகவே கிடைப்பதும் ஒரு காரணம். 2022 முதல் 2023 வரை இங்கிலாந்து மகளிர் அணியின் பெத் மீட், லியா வில்லியம்சன், ஸ்பெயினின் அலெக்சியா புத்தேயாஸ் என்று உலகப் புகழ் பெற்ற காற்பந்து வீராங்கனைகள் பலர் இந்தக் காயத்தால் மாதக் கணக்கில் வெளியே உட்கார நேர்ந்தது.

இதைக் கேட்டுவிட்டு, “அப்படின்னா எம் பொண்ணு விளையாடவே வேணாம், வீட்டிலேயே இருக்கட்டும்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அம்மா! நான் அதற்காகச் சொல்லவில்லை. ஓடி ஆடி வளர்ந்த பெண்ணுக்கு எலும்பும் மனமும் உறுதிப்படும். பெண் பிள்ளைக்கு முதலில் சரியாகக் குதித்து இறங்கச் சொல்லிக் கொடுங்கள், பிறகு தைரியமாக விளையாட விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி, சுளுக்குக்கு வருவோம்.

பையன் திடலில் விழுகிறான். முட்டிக்குள் ‘பட்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகவோ, ஏதோ விலகி மறுபடி சேர்ந்த மாதிரி இருந்ததாகவோ சொல்கிறான். தொடர்ந்து ஆட முடியவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடுகிறது. பெரியோர்களே, இந்த அடையாளத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்கினால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மறுநாள் மெதுவாக வீங்குவது வேறு, அன்றைக்கே வீங்குவது வேறு. அன்றைக்கே வீங்கினால் அதைச் சுளுக்கு என்று சொல்லாதீர்கள்.

நாம் என்ன செய்கிறோம்? எண்ணெய் காய்ச்சி, தெரிந்தவரைக் கூப்பிட்டு, “நல்லா அழுத்தி நீவி விடுங்க” என்கிறோம். நாட்டு வைத்தியத்தை நான் இழித்துப் பேசவில்லை. நாள் முழுதும் உழைத்து அலுத்த தசைக்குப் பாட்டி தேய்த்து விடுகிற எண்ணெய் எவ்வளவு சுகம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே இரத்தம் கசிகிற மூட்டை அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். முறுக்கி இழுத்தால், பாதி அறுந்தது முழுதும் அறுந்து போகலாம். வீங்கிய முட்டியை நீவாதீர்கள். முதல் சில நாட்களுக்குச் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

அடுத்துதான் பெரிய ஏமாற்று வருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். வலி குறைந்துவிடும். பையன் நேராக நடப்பான். “பாத்தியா, நீவினதுலே சரியாப் போச்சு” என்று சந்தோஷப்படுவோம். அறுந்த முன் குறுக்கு நார் பெரும்பாலும் தானாக ஒட்டிப் பழைய வலுவைப் பெறுவதில்லை. நேராக நடப்பதற்கு அந்த நார் அவ்வளவாகத் தேவையில்லை, அதனால்தான் தெரியவில்லை. மறுபடி திடலில் இறங்கித் திரும்பும்போதுதான் முட்டி ‘மளுக்’ என்று விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு தடவை அப்படி நழுவும்போதும், முன்னே சொன்ன மெத்தைகள் இரண்டு எலும்புக்கும் நடுவில் நசுங்குகின்றன, கிழிகின்றன. நார் அறுந்ததற்குக்கூட வழி உண்டு. மெத்தை தேய்ந்து போனால் புது மெத்தை கடையிலே கிடைக்காது. நாரோ மெத்தையோ கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து இருபது வருடங்களில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பதினாறு வயதில் அடிபட்டவன் முப்பத்தைந்து வயதில் கிழவனைப் போல் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பான். மேடும் பள்ளமுமான நிரையிலே ஏறி இறங்கிச் செம்பனைக் குலை சுமக்கிற பிழைப்பாக இருந்தால், அவன் கதி என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பள்ளியில் படிக்கிற சின்னப் பிள்ளைகளின் விஷயம் இன்னும் நுட்பமானது. ஏழெட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை, நாரை விட எலும்பு இளசு. அதனால் நார் அறுவதற்குப் பதிலாக, நார் பிடித்திருக்கும் இடத்தில் எலும்பே சின்னத் துண்டாகப் பெயர்ந்துவிடுவது உண்டு. எலும்பு வளரும் பகுதியும் பக்கத்திலேயே இருக்கிறது. காலத்தோடு கவனித்தால் நன்றாகக் குணமாகும். “சின்னப் புள்ளைதானே, ஓடி ஆடினா சரியாயிடும்” என்று விட்டுவிடக் கூடாது.

அப்படியானால் அடிபட்டவுடன் என்ன செய்வது? முதல் காரியம், ஆட்டத்தை நிறுத்துவது. இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி, கோல் எண்ணிக்கை சமமாக இருந்தாலும் சரி. மறுபடி இறக்கி விடுகிறவர் பிள்ளைக்கு நல்லது செய்யவில்லை. இரண்டாவது, அந்தக் காலில் பாரம் போடாமல் தூக்கி வருவது. மூன்றாவது, ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் வைப்பது. வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் தோல் வெந்து போகும். நான்காவது, பட்டைத் துணியால் இறுக்கமில்லாமல் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது. முட்டி நேராகாமல் மாட்டிக்கொண்டிருந்தால் பலவந்தமாக நேராக்காதீர்கள். முட்டி கோணலாகிப் போனாலோ, பாதம் சில்லிட்டு வெளுத்து மரத்துப் போனாலோ, இரத்தக் குழாய் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும்.

மற்றபடி ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே எக்ஸ்ரே எடுத்து, “எலும்பு நல்லா இருக்கு” என்பார்கள். அது நல்ல செய்திதான், ஆனால் பாதிச் செய்தி. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது. வீக்கம் வடிந்த பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி போய், “நார் எப்படி இருக்குன்னு பாருங்க, டாக்டர்” என்று கேளுங்கள். பழகிய டாக்டர் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க எழுதிக் கொடுப்பார். கேட்பது நம் உரிமை, வெட்கப்பட வேண்டாம்.

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் அழுகை கிளம்பிவிடும். எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. உள் பக்க நார் மட்டும் கிழிந்தால், பெரும்பாலும் கவசப் பட்டையும் பயிற்சியுமே போதும். முன் குறுக்கு நார் அறுந்தவர்களிலும், நல்ல பயிற்சியால் தொடைத் தசையைப் பலப்படுத்தி, ஆபரேஷன் இல்லாமலே சமாளிப்பவர்கள் உண்டு. சுவீடனில் 121 இளையவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2010இல் வெளியிட்டார்கள். முதலில் பயிற்சி, தேவையானால் பிறகு ஆபரேஷன் என்று விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு வருடம் வரை ஆபரேஷன் தேவைப்படவில்லை. திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்கே போக வேண்டும் என்கிறவர்களுக்கும், முட்டி அடிக்கடி நழுவுகிறவர்களுக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள். அறுந்த நாரை வெறுமனே தைப்பதில்லை. அதே காலின் வேறிடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, சின்னத் துளை வழியே கருவியை விட்டு, பழைய நார் இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள்.

இந்த வைத்தியத்தின் கதையில் உழைப்பாளி ஒருவருக்கு முதல் இடம் உண்டு. 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற டாக்டர் முட்டியின் குறுக்கு நார்களைத் தைத்தார். எழுத்தில் பதிவான முதல் ஆபரேஷன்களில் அது ஒன்று. நோயாளி பெரிய விளையாட்டு வீரர் அல்லர். சுரங்கத்தில் மண் சரிந்து காயம் பட்ட, 41 வயது நிலக்கரித் தொழிலாளி. அவர் குணமாகி மறுபடி வேலைக்குப் போனார்.

பிறகு எவ்வளவு முன்னேற்றம் என்பதற்கு இரண்டு காற்பந்து வீரர்களைச் சொல்கிறேன். பிரையன் கிளப் என்பவர் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டவர். 1962 டிசம்பர் 26ஆம் நாள், சண்டர்லாந்து அணிக்காக ஆடும்போது கோல்காவலரோடு மோதி முட்டி நார்கள் அறுந்தன. அப்போது அவருக்கு வயது 27. அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சரியாக முப்பது வருடம் கழித்து, 1992 டிசம்பர் 26ஆம் நாள், பிளாக்பர்ன் அணியின் ஆலன் ஷியரருக்கும் முன் குறுக்கு நார் அறுந்தது. அவர் ஆபரேஷன் செய்துகொண்டு, பல மாதங்கள் பயிற்சி எடுத்து, திரும்பி வந்து, 1995இல் தம் அணிக்கு லீக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். பிரிமியர் லீக்கில் அவர் போட்ட 260 கோல்களை இன்னும் யாரும் தாண்டவில்லை. காயம் ஒரே மாதிரிதான். இடையில் முப்பது வருடத்து அறிவு வளர்ந்துவிட்டது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. மலாக்காவின் கோ லியூ யிங் 2014இல் முழங்கால் காயத்தால் ஆட்டத்தை விட்டு ஒதுங்கி ஆபரேஷன் செய்துகொள்ள நேர்ந்தது. அவர் பொறுமையாகப் பயிற்சி எடுத்துத் திரும்பி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் சான் பெங் சூனோடு இணைந்து கலப்பு இரட்டையரில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

ஆனால் அவசரப்படக் கூடாது. ஆபரேஷன் பாதி வேலைதான். மீதிப் பாதி நோயாளியின் வியர்வை. குறைந்தது ஒன்பது மாதம் பயிற்சி செய்த பிறகே திடலுக்குத் திரும்ப வேண்டும் என்று இன்று சொல்கிறார்கள். அப்போதும் இரண்டு காலும் சம பலம் அடைந்ததா என்று சோதித்த பிறகே போக வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே, மறுபடி விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மற்ற முட்டியிலோ மறுபடி நார் அறுந்திருக்கிறது. கரோலினா மாரினைச் சொன்னேனே, அவர் 2019 செப்டம்பரிலேயே திரும்பி வந்து சீனப் பொதுப் போட்டியை வென்றார். 2021இல் இடது முட்டி நார் அறுந்து தோக்கியோ ஒலிம்பிக் போயிற்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் ஆட்டத்தை 21-14 என வென்று, இரண்டாவதிலும் முன்னணியில் இருந்தபோது மறுபடி வலது முட்டி. அழுதபடி வெளியேறினார். உலகத்தின் சிறந்த வைத்தியம் கிடைத்தவருக்கே இந்தக் கதி. வெள்ளம் வருமுன் அணை போடுவதே புத்திசாலித்தனம்.

அந்த அணைக்குக் காசு பணம் தேவையில்லை. இருபது நிமிடம் போதும். உலகக் காற்பந்துச் சம்மேளனமான பீஃபா, டாக்டர்களைக் கொண்டு ‘பதினொன்று பிளஸ்’ என்ற உடற்சூட்டுப் பயிற்சியை வகுத்திருக்கிறது. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பயிற்சியை அமைத்து, ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். அங்கும் காயங்கள் ஏறக்குறைய பாதி குறைந்தன. மாணவர்களே, உங்கள் வயதுப் பிள்ளைகள்தாம்!

அதிலே என்ன செய்கிறார்கள்? முதலில் மெதுவான ஓட்டம். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும். பிறகு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து எழுதல். முன்கையையும் கால்விரலையும் மட்டும் ஊன்றி உடம்பைப் பலகை போல் நிறுத்தல். ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்தல். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவன் மற்றவனின் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முட்டி போட்டபடி உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தல். கடைசியில் குதித்து இறங்குதல், ஓடிவந்து திரும்புதல். இறங்கும்போது முட்டி மடங்கியிருக்க வேண்டும். உள்ளே சாயாமல் கால்விரல்களுக்கு நேராக இருக்க வேண்டும். பூனை குதித்தால் சத்தம் கேட்கிறதா? அப்படி இறங்க வேண்டும். ‘தொம்’ என்று சத்தம் கேட்டால் தப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது செய்ய வேண்டும். போட்டிக்கு முதல் வாரம் மட்டும் செய்தால் பலன் இராது.

ஆசிரியப் பெருமக்களே, உடற்கல்விப் பாட நேரத்தில் இதற்கு இடம் கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துப் பெரியோர்களே, திடலில் குழி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் வைத்து மண்ணைப் போட்டு மூடுங்கள். அண்ணன் போட்டுப் பழசான, பெரிய அளவு பூட்ஸைத் தம்பிக்கு மாட்டி அனுப்பாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு. அடிபட்டால் மறைக்காதீர்கள். “சொன்னா குழுவிலேருந்து எடுத்துடுவாங்க”, “அப்பா திட்டுவாரு” என்று வலியை விழுங்கிக்கொண்டு ஆடுகிற பிள்ளையை நாம் வீரன் என்று புகழ்கிறோம். அது வீரம் அல்ல. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். அப்பாமார்களே, பிள்ளை நொண்டிக்கொண்டு வந்து நின்றால், “ஒன்ன யாரு ஆடச் சொன்னது?” என்று முதல் வார்த்தை வேண்டாம். “எங்கேப்பா வலிக்குது, காட்டு” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் ஒரு கால் பிழைக்கும்.

ரப்பர் மரம் சீவியும், குலை வெட்டியும், தேய்ந்த முட்டியோடு நம் பெற்றோர் நம்மை இந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு முட்டியைக் காப்பாற்றிக்கொள்ள வழி இல்லை. நம் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. இன்று பரிசு வாங்கும் கால்கள் நாளை மாநிலத் திடலிலும் நாட்டுத் திடலிலும் ஓடட்டும். ஓடி முடித்த பிறகு, பேரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வலுவோடு இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.